செட்டி என்னும் சொல்லின் வரலாறு



நம் பெயரோடு ஒட்டி வழங்கும் சொற்களுள் நாம் நாள்தோறும் கேட்டும் ஆராயாது விட்டது 'செட்டியார்' என்னும் பட்டமாகும். கடைப்பலகையிலும், விவாகப் பத்திரிகையிலும், கோயிலில் உபயஞ் செய்தோர் பெயர் பொறித்த கல்லிலும் இச்சொல் நம் முன்னோர் பெயரைத் தொடர்ந்து நிற்கின்றது. இக்காலத்து வாலிபர் பலர் இதனைத் தம் பெயரினின்றும் நீக்கிவிட்டனர். 1929-ஆம் வருஷம் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மகாநாடு சாதிப்பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. அதன் பின்னர் அவ்வழக்கம் தமிழ்நாடெங்கும் பரவிற்று. முதியோர் சிலர், 'பட்டம் போயின் குலத்தின் பெருமையும் போம்' என வருந்துகின்றனர். வேறு சிலர், 'இப்பட்டம் நமக்கே உரியது. பிற வகுப்பார் இதனைச் சூடுதல் தகாது' என வாதிக்கின்றனர். இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுமுன், அச்சொல் எங்கே பிறந்தது, எவ்வெப் பாஷைகளில் என்னென்ன பொருளில் வழங்குகின்றது என அறிதல் முறையன்றோ? அதனையே நாம் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

சரக்கோடு சொல்லும் செல்லும்

திருவண்ணாமலையினின்றும் செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது நம் கீழ்பென்னாத்தூர். இதனைச் சூழ்ந்த கொல்லைகளில் விளையும் வேர்க்கடலையை நம் பக்கத்தார் மணிலாக்கொட்டை என்பர். பேச்சில் அது மல்லாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் தேய்ந்து வழங்கும். அச்செடியின் தாயகம் தென்னமெரிக்காக் கண்டம். பெயரோ பிலிப்பைன் தீவின் மணிலாத் துறைமுகத்தினது. அவ்வூரை ஒருபோதும் கண்டறியாத நம் உழவர் அதன் பெயரை நாள்தோறும் நாவிற் கொண்டுள்ளனர். சரக்குச் செல்லும் வழியே சொல்லும் செல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

சரக்கின் பெயரே இத்துணைத் தூரம் நடக்குமாயின், சரக்கைக் கொண்டு செல்வோன் பெயர் எத்துணைத் தூரம் நடக்கும்! திருவண்ணாமலைக் கடைவீதியில் மளிகைக் கடைக்காரர் ஒருவரைச் 'செட்டியார்' என ஜனங்கள் அழைப்பர். அதே வீதியில் அடகுக்கடை வைத்திருக்கும் வடநாட்டாரைச் 'சேட்டு' என்பர். ஒருவர் தமிழர், மற்றவர் மார்வாடி. ஒருவருக்கொருவர் உறவும் இல்லை, கொள்வினை கொடுப்பினையும் இல்லை. ஆயினும் அவ்விரு பெயரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. முன்னொரு காலத்தில் ஒரு வழியாகத் தமிழகம் புகுந்து 'செட்டி' ஆன சொல்லே, பல நூற்றாண்டு கழிந்தபின் மற்றொரு வழியாக வந்து 'சேட்டு' ஆயிற்று.

சொல்லின் பிறப்பு

ஸம்ஸ்கிருதத்தில் 'சிரேஷ்டம்' என்பது மிகச் சிறந்தது எனப் பொருள்படும். பண்டைப் பாரசீகரின் வேதமாகிய அவெஸ்தாவிலும் இதற்கு இனமான சொல் மிக அழகியது என்னும் பொருளில் உண்டு. 'சிரேஷ்டி' என்றால் சிறப்பிடம் பெற்றவன், தலைவன் என்பதாம். இச்சொல் பாலி முதலிய பிராகிருத பாஷைகளில் 'ஸெட்டி' எனத் திரிந்தது. முதலில் உள்ள கூட்டெழுத்து எளிதாகி ஸகரம் மட்டும் நிற்பதும், இடையிலுள்ள 'ஷ்ட' என்பது 'ட்ட' ஆவதும் அப்பாஷைகளின் இயல்பு. வணிகக் குழுவைக் குறிக்கும் 'சிரேணி' என்பது பாலியில் 'ஸேணி' ஆனதும், 'இஷ்டிகா' என்பது நம்மிடம் 'இட்டிகை' ஆனதும் இவ்வகையினவே. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே சாஞ்சி ஸ்தூபத்தின் கற்களில் தானஞ் செய்தோர் சிலர் பெயரோடு இப்பட்டம் பொறிக்கப்பட்டுள்ளது.

வடநாட்டுப் பாஷைகளில் இது மேலும் ஒரு படி சென்றது. அங்கே இரட்டித்த மெய் ஒற்றையாகி, அதற்கு முன்னுள்ள உயிர் நீளும். எட்டினைக் குறிக்கும் 'அஷ்ட' என்பது 'அட்ட' ஆகிப் பின் ஹிந்தியில் 'ஆட்' ஆனது போலவும், கையைக் குறிக்கும் 'ஹஸ்த' என்பது 'ஹத்த' ஆகிப் பின் 'ஹாத்' ஆனது போலவும், 'ஸெட்டி' என்பது 'ஸேட்' ஆயிற்று. அதன் பின் நாம் மரியாதைக்கு 'ஆர்' சேர்த்துச் செட்டியார் என்றோம். அவர்கள் 'ஜி' சேர்த்து ஸேட்ஜி என்றனர்.

தமிழறிஞர் சிலர் இச்சொல் வடமொழியினின்றும் வந்ததன்று, வாணிகத்தையும் சிக்கனத்தையும் குறிக்கும் 'செட்டு' என்னும் தமிழ்ச்சொல்லினின்றே பிறந்தது என்பர். தேவநேயப் பாவாணர் இக்கொள்கையினர். 'செட்டும் கட்டுமாய்க் குடித்தனம் நடத்துகிறாள்' என நம் வீட்டுப் பெண்டிரைப் பாராட்டும்போது அச்சொல்லையே ஆளுகின்றோம். ஆயினும், சாஞ்சிக் கற்கள் காட்டும் பழமையையும், செட்டு என்னும் சொல் வழங்காத வடநாடு முழுவதும் இப்பட்டம் பரவியிருப்பதையும் நோக்கி, மொழிநூலார் பெரும்பாலோர் சிரேஷ்டி என்பதையே மூலமாகக் கொள்வர். அதுவே நமக்கும் பொருத்தமாகத் தோன்றுகின்றது. செட்டு என்பதன் சாயல் தமிழகத்தில் இதன்மேற் படிந்தமையால், தலைவன் என்னும் பழம்பொருள் மறைந்து, காசைக் கணக்குப் பார்ப்பவன் என்னும் பொருள் நம்மவர் உள்ளத்தில் மேலோங்கிற்று எனக் கருத இடமுண்டு.

மலையாளத்தார் தமையனை அழைக்கும் 'சேட்டன்' என்னும் சொல்லை இதனோடு சேர்த்து மயங்குதல் கூடாது. அது மூத்தவன் எனப் பொருள்படும் 'ஜ்யேஷ்டன்' என்பதன் திரிபாம்.

பட்டம் ஒரு பதவியாக இருந்த காலம்

இனி, நாம் முக்கியமாக மனத்திற் கொள்ளவேண்டுவது ஒன்றுண்டு. பழைய ஏடுகளிலும் சாசனங்களிலும் இச்சொல் ஒரு சாதியின் பெயராக வரவில்லை. ஓர் உத்தியோகத்தின் பெயராக வருகின்றது. பௌத்த ஜாதகக் கதைகளில் 'செட்டி ஸ்தானம்' என ஒரு பதவி பேசப்படுகின்றது. சிராவஸ்தி நகரத்துச் செட்டியாகிய சுதத்தனை, அநாதைகளுக்குச் சோறிடுவோன் என்னும் பொருளில் அநாதபிண்டிகன் என ஊரார் அழைத்தனர். அவன் புத்தருக்கு ஆராமம் அமைக்க விரும்பி, ஜேதவனத்தின் நிலம் முழுவதும் பொற்காசு பரப்பி விலைக்கு வாங்கிய செய்தி பார்ஹுத் ஸ்தூபத்தின் கல்லிலே சித்திரமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றது.

வங்கத்துத் தாமோதர்பூரிற் கிடைத்த குப்தர் காலச் செப்பேடு ஒன்று கி.பி. 443-44-ஆம் ஆண்டினது. கோடிவர்ஷம் என்னும் ஜில்லாவில் நிலம் விற்க வேண்டுமாயின், அரசனுடைய அதிகாரி தனியே விற்றுவிடவில்லை. நகரசிரேஷ்டி ஒருவர், வணிகச் சாத்தின் தலைவர் ஒருவர், கைத்தொழிலாளர் தலைவர் ஒருவர், கணக்கர் தலைவர் ஒருவர் ஆகிய நால்வரும் உடனிருந்து காரியம் நடத்தினர். அந்நகரசிரேஷ்டியின் பெயர் திருதிபாலன் என அச்செப்பேடு கூறும். வைசாலியில் 1903-04-இல் அகழ்ந்தெடுத்த மண்முத்திரைகளிலும் சிரேஷ்டிகளும் சாத்துத் தலைவரும் கைத்தொழிலாளரும் கூடிய சபையின் பெயர் காணப்படுகின்றது. மிருச்சகடிகம் என்னும் நாடகத்தில் நியாயாதிபதியோடு ஒரு சிரேஷ்டியும் உடனமர்ந்து வழக்கு விசாரிக்கின்றார். முத்திராராட்சஸ நாடகத்திலோ, சந்தனதாசன் என்னும் இரத்தின வியாபாரியாகிய சிரேஷ்டி, தன்னை நம்பி ஒப்புவிக்கப்பட்ட நண்பன் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்துக் கொலைக்களம் செல்லவும் ஒருப்படுகின்றான். நாடகம் கற்பனையாயினும், சிரேஷ்டி எனின் எவ்வகை மனிதனை அக்காலத்தார் எதிர்பார்த்தனர் என்பதற்கு அது கண்ணாடியாகும்.

தென்னாட்டு வழக்கு

தமிழில் வணிகரைக் குறிக்க முன்னரே வணிகர், பரதர், நாய்கர், சாத்துவர் எனப் பல பெயர்கள் இருந்தன. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தை மாநாய்கன்; கோவலன் தந்தை மாசாத்துவான். அக்காப்பியத்தின் ஈற்றிலுள்ள வரந்தரு காதையில் அரட்டன் செட்டி என ஒருவன் பெயர் வருதலால், இச்சொல் அன்றே தமிழில் ஊன்றிவிட்டமை தெளிவு. அரசர் வணிகர்க்கு அளித்த 'எட்டி' என்னும் பட்டமும் இதன் உருவே என்பாரும், அது வேறு என்பாரும் உளர். பிற்காலத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினரின் சாசனங்களில் செட்டிகளும் எண்ணப்படுகின்றனர். காளமேகப் புலவர் ஏரகத்து முருகனையே செட்டியாராக விளித்துப் பாடியதும், 'செட்டி கப்பலுக்குச் செந்தூரான் துணை' என்னும் பழமொழியும், இச்சொல் நம் பக்தியிலும் கலந்துவிட்டமையைக் காட்டும்.

கன்னட நாட்டில் 'ஸெட்டி' என்பவர் பட்டணத் தலைவராகவும் விளங்கினர். ஹும்சாவில் பட்டணசாமி நொக்கய்ய ஸெட்டி என்பவர் 1062-இல் ஜினாலயம் எடுத்த செய்தி சாசனத்தில் உள்ளது. 14-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள வேந்தனாகிய மூன்றாம் வல்லாளன் நம் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தமையால், கன்னட நாட்டு வழக்குகள் இப்பக்கத்திற்குப் புதியன அல்ல. தெலுங்கில் மகாகவி ஸ்ரீநாதர் தமது ஹரவிலாஸ காவியத்தைக் கடல்வாணிகஞ் செய்த அவசி திப்பய்ய செட்டி என்னும் வர்த்தகருக்கே அர்ப்பணம் செய்தார். அரசர்க்கு நிகராக வணிகர்க்கும் காவியம் சூட்டிய காலம் அது.

ஆனால் துளுநாடு சென்றால், 'ஷெட்டி' என்னும் பட்டமுடைய பண்ட் வகுப்பார் நிலமுடைய வேளாண் மக்களாவர். வயநாட்டுச் செட்டிகளும் உழுதுண்போரே. பஞ்சாபில் 'ஸேட்டி' என்பது கத்ரி வகுப்பாரிற் சிலருடைய குடிப்பெயர். ஒரிசாவிலோ வண்ணார் வகுப்பாரிற் பலர் அப்பெயருடையர். நம் தமிழகத்திலும் நாட்டுக்கோட்டை நகரத்தார், வாணியர், தேவாங்கர், பேரிச் செட்டிமார், ஆரிய வைசியர், இருபத்துநான்கு மனையார் எனப் பல மரபினர் இப்பட்டம் தரிக்கின்றனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நகரத்தார்; 1947 நவம்பர் 26-இல் சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த ஆர். கே. சண்முகம் செட்டியார் வாணியர். பட்டம் ஒன்று, மரபு வேறு. இவருள் எவர் உண்மைச் செட்டியார் என வழக்காடுவது, ஆற்று நீரில் கோடு கிழித்துப் பங்கிடுவதை ஒக்கும்.

கடல் கடந்த வழக்கு

சிங்களத்தில் இச்சொல் இருமுறை புகுந்தது. பாலி நூல்களின் வழியே 'ஸிடு' என வந்து, ஜாதகக் கதைகளின் தனவந்தரைக் குறித்தது. தமிழ் வணிகர் வழியே 'ஹெட்டி' என வந்து, ஹெட்டியாராச்சி முதலிய குடிப்பெயர்களில் நிலைத்தது. கொழும்புச் செட்டிகள் என்னும் வகுப்பார் பெரும்பாலும் கிறிஸ்தவராயினும் பழம் பட்டத்தை விடவில்லை. தமிழ்ப் புலவர் சரித்திரத்தை 'தமிழ் புளூட்டார்க்' என்னும் பெயரால் 1859-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கற்பிட்டி சைமன் காசிச்செட்டியை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

15-ஆம் நூற்றாண்டில் சீனக் கப்பற்படையோடு வந்த மா ஹுவான் என்பவர், கொச்சியில் வாழும் பிரிவினருள் 'செ-தி' என்போர் செல்வர் எனச் சீன எழுத்தில் எழுதிவைத்தார். மலாக்காவில் அக்காலத்தே குடியேறிய தமிழ் வணிகரின் சந்ததியார் இன்றும் 'சிட்டி' எனப்படுகின்றனர். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய்; வணங்குவது நம் தெய்வங்களை. ஒல்லாந்தர் காலத்தில், 1781-இல், அவர்கள் எடுத்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் உள்ளது. பாஷை போயிற்று, பட்டமும் பக்தியும் நின்றன.

ஆனால் சொல்லுக்கு ஏற்றம் இருப்பது போல இறக்கமும் உண்டு. போர்த்துகீசியர் இச்சொல்லைச் 'சாத்தீம்' எனத் தம் பாஷையில் ஏற்றனர். முதலில் வணிகனைக் குறித்த அது, நாளடைவில் பேரம் பேசிப் பொருள் பறிப்பவன் என்னும் இழிபொருளும் கொண்டது. வங்கத்தில் முகலாய சக்கரவர்த்தி 1723-இல் பதேசந்த் என்னும் வர்த்தகருக்கு 'ஜகத்ஸேட்', அதாவது உலகச் செட்டி, என்னும் பட்டம் அளித்தார். அவ்வீட்டாரோ 1757-இல் பிளாசிப் போருக்குமுன் நவாபுக்கு எதிராகக் கிளைவோடு சூழ்ச்சியிற் கலந்தனர். 1763-இல் மீர்காசிம் அவ்வீட்டுத் தலைவரைக் கொல்வித்தான். உலகச் செட்டி என்னும் பட்டம் உயிரைக் காக்கவில்லை, புகழையும் காக்கவில்லை.

பர்மாவில் நேர்ந்தது நம் காலத்தை அடுத்த செய்தி. கீழ்ப்பர்மாவின் சதுப்பு நிலங்களைக் கழனியாக்கிய உழவர்க்கு முதல் கொடுத்தவர் நம் நாட்டுச் செட்டியார்களே. 1930-இல் நெல்விலை வீழ்ந்தது. கடன் வாங்கினோர் திருப்பித்தர இயலாமல் நிலத்தையே ஒப்புவித்தனர். முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937-க்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. லேவாதேவிக்காரர் விரும்பிக் கேட்டது நிலமன்று, பணமே. எனினும் நிலமிழந்த உழவன் கண்ணுக்கு அவ்வேறுபாடு தோன்றுமோ? பர்மிய பாஷையில் 'சித்தீ' என்னும் சொல் வசைச்சொல் போல ஒலிக்கலாயிற்று. கணக்கு நேராக இருந்தும் பெயர் கெட்ட இடம் இது.

பெயர் நிலைத்த இடங்கள்

பெயர் நிலைத்த இடங்களையும் காண்போம். ஆமதாபாத்தில் 'நகர்ஸேட்' என்னும் பதவி இருந்தது. நாம் மேலே கண்ட நகரசிரேஷ்டியின் நேர் வாரிசு அது. 1725-இல் மராட்டியர் படை அந்நகரைச் சூறையாட நின்றபோது, நகர்ஸேட்டாகிய குசால்சந்த் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து நகரைக் காத்தார். நன்றிகொண்ட வணிகர் யாவரும் கூடி, நகர முத்திரை பெறும் சரக்கில் நூறு ரூபாய்க்கு நாலணா அவர் குடும்பத்திற்கென விட்டனர். ஹிந்து முஸ்லிம் என்னும் வேறுபாடின்றி அந்நகர வணிகர் அதற்கு இசைந்தமையே அதன் சிறப்பு.

நம் சென்னையில் கஜுல லக்ஷ்மிநரசு செட்டி என்பவர் இருந்தார். கஜுல என்பது தெலுங்கில் வளையல். அவர் 1844-இல் 'கிரஸெண்ட்' என்னும் பத்திரிகை தொடங்கி, 1852-இல் சென்னைச் சுதேச சங்கம் நிறுவினார். நிலவரி தண்டக் கம்பெனி சிப்பந்திகள் குடியானவரைச் சித்திரவதை செய்த கொடுமையை இங்கிலாந்துப் பார்லிமெண்டு வரை கொண்டு சென்றார். அதன் பயனாக அமைந்த விசாரணைக் கமிஷன் 1855-இல் அக்கொடுமை உண்மையென அறிக்கை கொடுத்தது. அவர் உழவரல்லர், வணிகர். எனினும் உழவர்க்காகத் தம் பொருளையும் காலத்தையும் செலவிட்டார். சிரேஷ்டி என்னும் சொல்லின் பழம்பொருளை அவர் நடத்திக் காட்டினார் எனலாம்.

நாம் அறியவேண்டுவது

இவ்வரலாற்றினின்றும் நமக்குத் தெரிவது யாது? இச்சொல் எந்த ஒரு குலத்தாருக்கும் பட்டயம் எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. ஊரார் ஒருவனை நம்பி முன்னிறுத்தினர். அவ்வாறு முன்னின்றவனைச் சிரேஷ்டி என்றனர். அவன் மக்களும் அப்பெயரை வைத்துக்கொண்டனர். காலப்போக்கில் பெயர் சாதியாயிற்று. நம்பிக்கை இருந்த இடத்தில் சொல் உயர்ந்தது. அது குலைந்த இடத்தில் அதே சொல் வசையாயிற்று. பாலி முதல் பர்மியம் வரை எல்லாப் பாஷைகளிலும் இதற்கு ஒரே விதி.

ஆகவே பிற வகுப்பார் இப்பட்டம் சூடுவதைக் கண்டு நாம் முகஞ்சுளிக்க நியாயமில்லை. பல்வேறு பாஷையார் விரும்பி ஏற்ற சொல்லை, ஒரு தாலுகாவில் நாம் மட்டும் வேலியிட்டு அடைக்க முயல்வது நகைப்புக்கிடமாம். அடகுக்கடைக்காரரைச் 'சேட்டு' என ஏளனமாகக் கூறும் வழக்கத்தையும் நம்மவர் கைவிடல் வேண்டும். அவ்வேளனம் நம் பட்டத்தின்மேலேயே திரும்பி விழுகின்றது. பட்டத்தை நீக்கிய வாலிபரைக் குலத்துரோகி எனப் பழித்தலும் ஆகாது. சாதிவேற்றுமை ஒழியவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் அதனை நீக்கியவன், பெயரிலிருந்த ஓர் ஓசையை மாத்திரமே நீக்கினான். கடையில் நிறையும் அளவும் நேராக வைத்து, சொன்ன தவணையிற் பணங்கொடுத்து, பஞ்சகாலத்தில் அண்டை வீட்டாருக்கு உதவுவானாயின், சிரேஷ்டி என்பதன் பொருள் அவனிடமே உள்ளது. பட்டத்தை வைத்துக்கொண்டு கள்ளநிறை நிறுப்பவனிடம் உள்ளது எழுத்து மாத்திரமே.

நம் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. நம் வீடுகளின் பரண்களில் பழைய கணக்கேடுகளும், பற்றுவரவுச் சிட்டைகளும், தர்மப் பத்திரங்களும் கறையானுக்கு இரையாகிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்துத் துடைத்து, நம் பாட்டனார் தம் பெயரை எவ்வாறு எழுதினர், எவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தனர், எந்தச் சத்திரத்திற்கு என்ன கட்டளை வைத்தனர் எனப் படித்துக் குறித்து வைப்பாராக. வங்கத்துச் செப்பேட்டினால் திருதிபாலன் பெயரை இன்று நாம் அறிகின்றோம். நம் முன்னோர் பெயரை நம் பேரப்பிள்ளைகள் அறிய அவ்வேடுகளே செப்பேடாகும்.

செட்டி என்னும் சொல் எல்லார்க்கும் பொது. அதற்குரிய நம்பிக்கையை அவரவரே ஈட்டல் வேண்டும். அங்ஙனம் ஈட்டி நம் மரபினர் யாவரும் நீடு வாழ்வாராக.